நகராட்சி வரியும் நகராட்சிச் செலவும்: வரி கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் அரையாண்டும் சொத்து வரி வசூல் மையத்தில் நிற்கும்போது காதில் விழும் கேள்விகளையும், எங்கள் ஊர் வரி செலுத்துவோர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டின் நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் மனத்தில் கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சென்னையின் நடைமுறை வேறுபடும் இடங்களில் அதைத் தனியே குறிப்பிட்டிருக்கிறோம்.

2022-இல் சொத்து வரி ஒரேயடியாக உயர்ந்தது ஏன்?

இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது, நெடுநாள் ஒத்திவைப்பு. சென்னை மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் சொத்து வரி 1998-க்குப் பிறகும், மற்ற நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் 2008-க்குப் பிறகும் சீராய்வு செய்யப்படாமலே இருந்தது. இடையில் 2018 ஜூலையில் ஓர் உயர்வு அறிவிக்கப்பட்டு, பலர் அதைக் கட்டியும் விட்ட நிலையில், 2019 நவம்பரில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டிய தொகை பின்னர் வரும் அரையாண்டுகளில் சரிக்கட்டப்படும் என்று அறிவித்தார்கள்.

இரண்டாவது, மத்திய வரி வருவாயைப் பகிர்வது பற்றிப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதி ஆணையம் விதித்த நிபந்தனை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக ஆண்டுதோறும் வரி வசூலும் வளர வேண்டும், தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பவை நிறைவேறினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஆணையத்தின் மானியம் கிடைக்கும். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுவதற்குமாக நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஆணையம் பரிந்துரைத்த தொகை 1,21,055 கோடி ரூபாய். அதில் தன் பங்கை இழக்க எந்த மாநில அரசும் துணியாது. 2022 ஏப்ரல் 1 முதல் புதிய வரி நடைமுறைக்கு வந்ததன் பின்னணி இதுதான்.

ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டியதை, தேர்தலுக்கு அஞ்சி மாறி மாறி வந்த ஆட்சிகள் தள்ளிப்போட்டன. அந்தப் பாக்கி ஒரே ரசீதில் வந்து விழுந்தது.

எங்கள் வீட்டுக்கு எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

சென்னைக்கு வெளியே உள்ள குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு அமைந்தது. வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். தொழிற்சாலைகளுக்கும் தனியார் கல்வி நிலையங்களுக்கும் 75 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளில் இவை இன்னும் கூடுதல்: மிகச் சிறிய வீட்டுக்கே 50 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 150 சதவீதம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டி வந்தவர், 2022-க்குப் பிறகு 1,800 ரூபாய் கட்டியிருப்பார். அதன் பின்னர், ஆண்டுக்கு 6 சதவீதம் அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, இவற்றில் எது கூடுதலோ அந்த அளவுக்கு வரியை உயர்த்தலாம் என்ற விதி வந்தது. 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. நம் 1,800 ரூபாயில் 6 சதவீதம் கூடினால் 1,908. ஒருமுறை பார்க்க இது சிறிய தொகைதான். ஆனால் ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏறும் எந்தத் தொகையும் பன்னிரண்டு ஆண்டுகளில் இரு மடங்காகிவிடும் என்பதை ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

உங்கள் ரசீதில் இந்த விகிதத்துக்கு மேல் ஏறியிருந்தால், கட்டடத்தின் பரப்போ பயன்பாடோ புதிதாக அளக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்போது அளவீட்டு விவரத்தை எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

பக்கத்து வீடும் எங்கள் வீடும் ஒரே அளவு. அவருக்கு மட்டும் வரி குறைவாக இருப்பது எப்படி?

வரியின் அடிப்படை, கட்டடத்தின் ஆண்டு வாடகை மதிப்பு. தரைப்பரப்பு, தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, ஓட்டு வீடா தளம் போட்ட வீடா, சொந்தக் குடியிருப்பா கடையா, கட்டி எத்தனை ஆண்டுகளாயின என்பவற்றை வைத்து அந்த மதிப்பு நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே வயதான கட்டடத்துக்கு வரி குறைவாக இருப்பது முறையானதே.

முறையற்ற காரணங்களும் உண்டு. மாடி எழுப்பி மூன்று ஆண்டுகள் ஆகியும் பதிவேட்டில் தரைத்தளம் மட்டுமே இருப்பது, முன்பக்கம் கடை நடந்துகொண்டிருக்க முழுவதும் குடியிருப்பு என்று எழுதியிருப்பது எல்லாம் எந்த ஊரிலும் காணக் கிடைப்பவை. இது பெரிய அளவில் நடக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு மதுரை உதாரணம். அங்கே வணிகக் கட்டடங்களின் வரி கணினியில் முறைகேடாகக் குறைக்கப்பட்டது என்ற வழக்கு, 2025-இல் மண்டலத் தலைவர்கள் பதவி விலகும் அளவுக்குப் போனது. நகராட்சிக்குத் தேவையான தொகை மாறுவதில்லை. ஒருவர் கட்டாமல் விட்டது ஒழுங்காகக் கட்டுபவரின் தலையில் அடுத்த உயர்வாக வந்து சேர்கிறது.

ரசீதில் உள்ள தொகை முழுவதும் நகராட்சிக்குத்தானே?

முழுவதும் இல்லை. சொத்து வரி என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் பொது நோக்கம், குடிநீர் மற்றும் வடிகால், கல்வி என்று பல கூறுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் நூலக வரி சேர்கிறது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வசூலிக்கப்படும் இந்த வரி இப்போது ரூபாய்க்கு 10 காசு. நகராட்சி இதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பது எப்போதும் உரிய காலத்தில் நடப்பதில்லை என்பது கிளை நூலகத்தில் புதிய இதழ்களைத் தேடிப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் குடிநீர், கழிவுநீருக்கான வரி தனியே சென்னைக் குடிநீர் வாரியத்துக்குப் போகிறது.

நகராட்சிகளின் கணக்கும் இதே போல் பிரிந்தே இருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கும்போது ஒரு நிதியில் உபரியும் மற்றொன்றில் பற்றாக்குறையும் தெரிந்தால் குழம்ப வேண்டாம். குடிநீர் நிதி பெரும்பாலும் பற்றாக்குறையில்தான் நிற்கும்.

சொத்து வரியை விட்டால் நகராட்சிக்கு வேறு வருமானமே இல்லையா?

இருக்கிறது. மாநில அரசின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி நடைமுறையில் உள்ளது. சொத்து கைமாறும்போது முத்திரைத்தீர்வையோடு சேர்த்து வசூலிக்கப்படும் 2 சதவீத மிகைத்தீர்வை உள்ளாட்சிக்கு உரியது. தொழில் வரி, காலியிட வரி, கட்டட அனுமதிக் கட்டணம், குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை இணைப்புக் கட்டணம், 2017-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி கேளிக்கை வரி ஆகியவையும் உண்டு.

இவற்றோடு, பேச்சில் அதிகம் அடிபடாத ஒன்று நகராட்சிக் கடைகளின் வாடகை. பேருந்து நிலையத்தை ஒட்டி இருபது முப்பது கடைகள் இல்லாத நகராட்சி அரிது. ஏலத்தில் எடுத்தவர் வேறு, கடை நடத்துபவர் வேறு. உள்வாடகைக்கு விட்டவர் நகராட்சிக்குக் கட்டுவதைப் போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டிருப்பார் என்பது அந்தக் கடையில் தேநீர் குடிப்பவர் எல்லோருக்கும் தெரியும். நாளங்காடிச் சுங்கம், வாகன நிறுத்தக் குத்தகை ஆகியவற்றிலும் கதை ஏறக்குறைய இதுவே. வரியை 50 சதவீதம் உயர்த்துவதற்கு முன்னால் இந்த வாடகை நிலுவைப் பட்டியலை மன்றத்தில் வைக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் அந்தப் பட்டியலைப் பெறுவதற்கு இரண்டு மனுக்களும் ஒரு மேல்முறையீடும் தேவைப்பட்டன.

அப்படியானால் வசூலாகும் பணம் எதில்தான் போகிறது?

இதற்கு விடை தெரியாமல் வரியைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை என்பது எங்கள் கருத்து. ஒரு நடுத்தர நகராட்சியின் செலவில் பெரும்பகுதி, மன்றம் கூடுவதற்கு முன்பே முடிவாகிவிட்ட செலவு. நிரந்தரப் பணியாளர்களின் சம்பளம், ஓய்வு பெற்றவர்களுக்கான ஓய்வூதியப் பங்களிப்பு, தெருவிளக்குக்கும் நீரேற்றத்துக்கும் மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வாங்குவதற்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டும் தொகை, குப்பை அள்ளும் ஒப்பந்தம், பழைய கடன்களின் தவணை. பல ஊர்களில் கடன் தவணையும் ஓய்வூதியப் பங்கும் மாநில அரசு அனுப்பும் பகிர்விலேயே பிடித்தம் செய்யப்பட்டு மீதிதான் கைக்கு வரும்.

மின்கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தபோது வீட்டு ரசீதைப் பார்த்து நாம் புலம்பினோம். அதே உயர்வு நகராட்சியின் ஒவ்வொரு நீரேற்று நிலையத்துக்கும் வந்தது. நூறு அடி ஆழத்துக் கிணறு வற்றி, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆற்றிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவரும் ஊர், ஒவ்வொரு குடத்துக்கும் மின்சாரத்தைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஊரில் குடிநீர்க் கட்டணம் பத்தாண்டுகளாக மாறாமல் இருந்தால், வித்தியாசத்தைச் சொத்து வரி தாங்குகிறது; குழாய் இணைப்பே இல்லாமல் லாரித் தண்ணீர் வாங்குபவரும் அந்தச் சொத்து வரியைக் கட்டுகிறார்.

இவ்வளவும் போக மிஞ்சுவதில்தான் புதிய சாலை, வடிகால், சிறுபாலம். மிஞ்சாத ஆண்டுகளும் உண்டு. இந்திய நகராட்சிகளின் வரவு செலவு மொத்தமும் நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 1 சதவீத அளவிலேயே பல ஆண்டுகளாக நின்றுவிட்டது என்று 2022-இல் வெளியான ரிசர்வ் வங்கியின் அறிக்கை கூறியது. பிரேசிலில் அது 7 சதவீதத்துக்கும் மேல். அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நகராட்சிகளுக்குப் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொறுப்புகளைக் காட்டியது; அவற்றைச் சுமப்பதற்கான வருமானத்தை அதே கையால் கொடுக்கவில்லை.

புதிய பூங்காவும் பேருந்து நிலையமும் மத்திய, மாநில அரசுகளின் மானியத்தில் வருகின்றன. அவற்றால் நமக்கு என்ன சுமை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கட்டுவதற்கு மானியம் வருகிறது, பராமரிப்பதற்கு வருவதில்லை.

சீர்மிகு நகரத் திட்டம் 2015-இல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் 11 நகரங்கள் தேர்வாயின. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய், அதற்கு ஈடாக மாநில அரசின் பங்கு என்பது ஏற்பாடு. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்காக அதே நாளில் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் 10 லட்சம் வரை மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு மத்திய அரசு பாதியைத் தரும். மீதியை மாநிலமும் நகராட்சியும் திரட்ட வேண்டும். நகராட்சி தன் பங்குக்குக் கையில் பணம் இல்லாததால் மாநில அரசின் நகர்ப்புற நிதி நிறுவனங்களிடம் கடன் வாங்கும். திறப்பு விழாக் கல்வெட்டில் திட்ட மதிப்பீடு மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். கடன் எவ்வளவு, தவணை எத்தனை ஆண்டுக்கு என்பது இருக்காது.

எங்கள் ஊரில் குளக்கரையில் ஒரு பூங்கா அமைந்தது. நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், நீரூற்று, வண்ண விளக்குகள். திறந்த அன்று ஊரே அங்கே இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் நீரூற்றின் மோட்டார் பழுதாயிற்று. மாற்றுவதற்கான மதிப்பீடு மூன்று மன்றக் கூட்டங்களில் ‘நிதி நிலைமைக்கேற்ப’ என்று ஒத்திவைக்கப்பட்டது. காவலர் ஒருவர், தோட்டப் பணியாளர் இருவர், விளக்குகளுக்கு மாதாந்திர மின்கட்டணம் ஆகிய எதற்கும் திட்ட அறிக்கையில் ஒரு வரி கூட இல்லை என்று பின்னர் அதைப் படித்துப் பார்த்தபோது தெரிந்தது. இப்போது மாலை ஆறு மணிக்கே வாசலைப் பூட்டிவிடுகிறார்கள். விளக்கு எரிந்தால் கட்டணம் ஏறும். பக்கத்துத் தெருவின் உடைந்த வடிகால் மூடிக்கு அந்தக் கருவிகளில் ஒன்றின் விலை கூட ஆகாது. ஆனால் வடிகால் மூடிக்கு மானியம் தரும் திட்டம் எதுவும் இல்லை.

மானியத்தை மறுக்கச் சொல்லவில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், குடிநீர்க் குழாய் போன்றவை மானியமின்றி எந்த நகராட்சிக்கும் சாத்தியமில்லை. 15-ஆவது நிதி ஆணையத்தின் மானியத்திலும் மக்கள்தொகை 10 லட்சத்துக்குக் குறைந்த ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு புதிய திட்டத்துக்கும் மன்ற ஒப்புதல் கேட்கும்போது, அடுத்த பத்தாண்டுகளுக்கு அதை நடத்த ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், அது எந்த நிதியிலிருந்து வரும் என்பதை மன்றப் பொருளிலேயே, அதாவது ஒப்புதலுக்காக மன்றத்தின் முன் வைக்கும் குறிப்பிலேயே, எழுத வேண்டும்.

மக்கள் தாமாக முன்வந்து பணம் கட்டிய திட்டம் ஏதேனும் உண்டா?

ஆலந்தூர். அன்று தனி நகராட்சியாக இருந்த அந்த ஊரில் 1990-களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக, குழாய் பதிக்கும் முன்பே, வீட்டுக்கு 5,000 ரூபாயும் வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாயும் வைப்புத்தொகையாக மக்களிடம் பெறப்பட்டது. அன்றைய விலைவாசியில் 5,000 ரூபாய் சாதாரணத் தொகை இல்லை. அப்போது நகர்மன்றத் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி குடியிருப்போர் நலச் சங்கங்களோடு கூடிக் கூடிப் பேசினார். மாதக் கட்டணம் எவ்வளவு வரும் என்பதும் திட்டம் தொடங்குமுன்பே சொல்லப்பட்டது. கழிவுநீர் லாரிக்கு மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்த தொகையோடு மக்கள் அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், கட்டினார்கள். திட்டம் நடந்தது. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது.

வரி என்றாலே நம் மக்கள் கட்டமாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வரும்.

துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்தால் செலவு மிச்சமாகும் என்கிறார்களே?

காகிதத்தில் மிச்சமாகும். 2022 அக்டோபரில் வந்த 152-ஆம் எண் அரசாணை மாநகராட்சிகளில் துப்புரவு உள்ளிட்ட பல பணிகளை வெளி முகமைகளிடம் விடுவதற்கு வழி செய்தது. நிரந்தரப் பணியாளர் ஒருவருக்கு ஆகும் செலவையும் ஒப்பந்தப் பணியாளருக்கு முகமை கேட்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் பணியாளரின் ஊதியத்திலிருந்தும் வருங்கால வைப்பு நிதியிலிருந்தும் எடுக்கப்படுவது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடியது இதை ஒட்டித்தான்.

வரி கட்டுபவர் என்ற முறையில் பார்த்தாலும் ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. ஒப்பந்தத்தில் எத்தனை பேர் வேலை செய்ய வேண்டும் என்று இருக்கிறது; காலை ஆறு மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை யார் எண்ணுகிறார்கள்? எண்ணப்படாத ஒப்பந்தத்தில் மிச்சம் என்பது முகமைக்குத்தான்.

நான் வாடகைக்கு இருக்கிறேன். இதெல்லாம் வீட்டுக்காரர் பிரச்சினைதானே?

2022 உயர்வுக்குப் பிறகு உங்கள் வாடகை எவ்வளவு கூடியது என்று பாருங்கள்.

தொழில் வரி எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பது நியாயமா?

நியாயமில்லை, ஆனால் இதில் நகராட்சியைக் குறை சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 276-ஆவது கூறு ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது. 1988-இல் 250 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 2,500 ஆக்கினார்கள். அதன்பின் அது நகரவே இல்லை. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய். மாதம் 13,000 வாங்கும் துணிக்கடை ஊழியரும் மாதம் மூன்று லட்சம் வாங்கும் மருத்துவரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். நாடாளுமன்றம் நினைத்தால் மட்டுமே மாறக்கூடிய இந்த ஒரு வரம்பு, மேல்தட்டு வருமானத்திலிருந்து ஊர் நியாயமாகப் பெறக்கூடிய பணத்தைத் தடுத்து, பாரத்தை வீட்டு வரியின் பக்கம் தள்ளுகிறது.

ரயில் நிலையமும் மத்திய அரசு அலுவலகங்களும் வரி கட்டுகின்றனவா?

சொத்து வரி இல்லை. 285-ஆவது கூறு ஒன்றிய அரசின் சொத்துகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் சாலை, விளக்கு, துப்புரவு போன்ற சேவைகளுக்குக் கட்டணம் தர வேண்டும். ராஜ்கோட் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஏற்கப்பட்ட ஏற்பாட்டின்படி, எல்லாச் சேவைகளையும் பயன்படுத்தும் கட்டடத்துக்குச் சொத்து வரியில் 75 சதவீதம், ஓரளவு பயன்படுத்துவதற்கு 50, எதையும் பயன்படுத்தாததற்கு 33⅓ சதவீதம் சேவைக் கட்டணம். ரயில்வே குடியிருப்பு உள்ள ஊர்க்காரர்கள் இந்தத் தொகை கேட்கப்பட்டிருக்கிறதா, எத்தனை ஆண்டு நிலுவை என்று தங்கள் நகராட்சியில் விசாரித்துப் பார்க்கலாம்.

எங்கள் கிராம ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள். வரி உயருமா?

உயரும். நூறு நாள் வேலைத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது என்பதால் இணைந்த பின் அதுவும் நின்றுவிடும். விவசாயக் கூலிகள் அதிகம் வாழும் ஊராட்சிகளில் எதிர்ப்பு எழுவதற்கு முதல் காரணம் அதுதான். மாறாகக் கிடைப்பது என்ன, எந்த ஆண்டில் குழாய் வரும், எந்த ஆண்டில் வடிகால் வரும் என்பதை இணைப்புக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பழைய இணைப்புப் பகுதிகளில் பத்தாண்டு கடந்தும் நகராட்சி வரியும் ஊராட்சிச் சாலையுமாக இருப்பவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்பது இன்னும் நல்லது.

செலவை முடிவு செய்வது யார்? நாங்கள் எங்கே கேள்வி கேட்க முடியும்?

சட்டப்படி நகர்மன்றம். ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்குப் பதில் புதிய மன்றங்கள் 2022 பிப்ரவரி 19 தேர்தலுக்குப் பிறகுதான் வந்தன. 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் இருந்தன. இன்று தவணை கட்டிக்கொண்டிருக்கும் கடன்களில் பல அந்த ஆண்டுகளில் வாங்கப்பட்டவை. அவற்றின் தீர்மானத்தில் ஓட்டு வாங்கியவர் ஒருவரின் கையெழுத்தும் இல்லை.

மன்றம் இருக்கும் இப்போதும் கவனிக்க வேண்டியது கூட்டத்தில் எழும் கூச்சலை அல்ல, மன்றப் பொருள் என்ற அச்சிட்ட தாள் கட்டை. கூட்டத்துக்குச் சில நாள் முன்பு கவுன்சிலர்களுக்கு அது வந்துவிடும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒரு படி கேளுங்கள். தராவிட்டால் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அதில் மூன்று இடங்களில் கண் நிற்க வேண்டும். ‘நகர்மன்றத் தலைவரின் முன் அனுமதி பெற்றுப் பணி முடிக்கப்பட்டது, மன்றம் பதிவு செய்யலாம்’ என்று முடியும் பொருள்கள் முதலாவது. அவசரம் என்ற பெயரில் செலவு நடந்து முடிந்துவிட்டது, மன்றத்துக்கு எஞ்சியிருப்பது தலையாட்டுவது மட்டுமே. குழாய் உடைப்பு, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் ஆகியவை மாதந்தோறும் இந்த வரிசையில் வரும். தனித்தனியே சிறிய தொகைகள். ஓராண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். இரண்டாவது, ஒரே தெருவின் வேலையைச் சிறு சிறு மதிப்பீடுகளாக உடைத்திருக்கிறார்களா என்பது. மூன்றாவது, ஒப்பந்தப் புள்ளியில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், மதிப்பீட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக விலை வந்திருக்கிறது என்பது. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இந்த விவரங்களை மறைக்க இடம் தரவில்லை.

வேலை முடிந்த பிறகு அளவுப் புத்தகம் இருக்கிறது; எம்-புக் என்பார்கள். சாலை எத்தனை மீட்டர், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று பொறியாளர் அதில் எழுதிக் கையெழுத்திட்ட பின்பே பட்டியல் தொகை போகும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பணியின் பெயரும் ஆண்டும் குறிப்பிட்டு, அந்தப் பக்கங்களின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். எங்கள் தெருச் சாலைக்கு அப்படி வாங்கிய நகலில் நீளம் 142 மீட்டர் என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பள்ளிப் பிள்ளைகள் டேப்பைப் பிடிக்க நாங்கள் அளந்தோம்: 118. மனு கொடுத்த மூன்றாம் வாரம் ஒப்பந்ததாரர் வந்து மீதி 24 மீட்டரையும் போட்டுவிட்டுப் போனார். யாரும் எதுவும் எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை.

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் அறிக்கையையும் இப்படிக் கேட்டுப் பெறலாம். மொழி வறண்டது, ஆனால் ‘தடை’ (தணிக்கையாளரின் ஆட்சேபம்) என்று தலைப்பிட்ட பத்திகளில் உங்கள் ஊரின் கதை இருக்கும்.

2022-இல் விதிகள் வகுக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராம சபைக்கு இருக்கும் பழக்கமும் கூட்டமும் இதற்கு இன்னும் வரவில்லை. பல வார்டுகளில் நாற்காலிகள்தான் அதிகம். போகிறவர்கள், பொதுவாகக் குறை சொல்லாமல், கேட்பு (கட்ட வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பதிவேட்டில் தங்கள் வார்டின் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டால் கூட்டத்தின் போக்கே மாறுவதைப் பார்க்கலாம்.

முன்கூட்டியே கட்டினால் சலுகை உண்டா?

உண்டு. அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி.

சாலை வசதி செய்து தரும் வரை வரி கட்ட மாட்டோம் என்று தெருவே சேர்ந்து மறுக்கலாமா?

கோபம் புரிகிறது, ஆனால் வேண்டாம். வட்டி ஏறும், குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படலாம், உங்கள் தெருவின் நிலுவையைக் காட்டியே உங்கள் தெருவின் வேலையைத் தள்ளிவைப்பார்கள். எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே கட்டுவதற்கு வழியுண்டு: தொகையைச் செலுத்தி, மதிப்பீட்டை ஏற்கவில்லை என்று அறிவிப்பில் கண்ட நாட்களுக்குள் எழுத்து மூலம் மேல்முறையீடு செய்து, அதன் ஒப்புகையை ரசீதோடு தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிலுவை வைத்திருப்பவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்பதற்கும் சிக்கல் உண்டு. வேட்புமனுவோடு நிலுவையின்மைச் சான்று வைக்க வேண்டியிருப்பதால், மனுத்தாக்கல் நடக்கும் அந்த ஒரு வாரம் மட்டும் வசூல் மையத்தில் கரைவேட்டிகளின் வரிசை நீண்டு நிற்கும். யார் எத்தனை ஆண்டுப் பாக்கியைக் கட்டுகிறார் என்று பார்க்க விரும்புவோர் அந்த வாரம் போய் வரிசையில் நிற்கலாம்.